கடைசி வீடு ஏத்தியாச்சு

அணைக்குக் கீழே ஒன்றரை மைல் தள்ளி, ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்குகிற தெரு அது. மொத்தம் பதினான்கு வீடுகள். மேட்டில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒன்றாம் வீடு. பள்ளத்தில், ஆற்றிலிருந்து அறுபதடி தூரத்தில், பதினான்காம் வீடு. அதில் இருப்பவர் மெத்தை தைப்பவர். நேரில் பார்த்தால் மெத்தைக்காரர் என்பார்கள், அவர் இல்லாத இடத்தில் கடைசி வீடு என்பார்கள். "கடைசி வீடு இன்னைக்குக் கடைக்கு வந்துச்சு" என்று யாராவது சொன்னால், வீடு எப்படி நடந்து வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டைப் போலவே ஆளும் ஓரமாக, சத்தமில்லாமல் நிற்கிறவர்தான்.

வேலைக்கு அவரிடம் குறைவில்லை. ஆஸ்பத்திரி மெத்தை, மாணவர் விடுதி மெத்தை, லாட்ஜ் மெத்தை என்று வேன் வேனாக வந்து இறங்கும். பழைய உறையைப் பிரிப்பார். கட்டி தட்டிப்போன பஞ்சை வெயிலில் கொட்டிப் பிரம்பால் அடித்து உதிர்ப்பார். புது உறையில் அடைத்து, ஒரு சாண் நீள ஊசியை மேலே குத்தி அடியில் வாங்கி, அடியில் குத்தி மேலே வாங்கி, இழுத்து ஒரு முடிச்சு. ஒரு மெத்தைக்கு நாற்பது முடிச்சு. அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. உறை கிழியும், நூல் இற்றுப்போகும், முடிச்சு மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதைப் பற்றி அவர் ஒரு நாளும் பெருமையடித்துக்கொண்டதில்லை. எதைப் பற்றியுமே அவர் வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசியதில்லை என்பதுதான் விஷயம்.

அவருடைய மனைவி அதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசியவர். பஞ்சடிக்கிற வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள்? கால் மணி நேரம் நின்றால் தலை நரைத்துவிடும். மூக்கில் போனால் தும்மல், சட்டையில் ஒட்டினால் லேசில் போகாது. ஆனாலும் அந்த அம்மாள் இருந்தவரை வாசலில் ஆள் இருந்தது. படியில் உட்கார்ந்தபடியே, போகிறவர் வருகிறவரை எல்லாம் மடக்குவார். "என்ன, கண்டும் காணாத மாதிரி போறே? உள்ள வந்தா கடிச்சா தின்னுடுவேன்?" என்று ஒரு அதட்டல். அதற்கப்புறம் யார் தப்பிக்க முடியும்? உள்ளே இவர் தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். வாசலில் நடக்கிற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது போதுமானதாக இருந்தது. ஒருவர் பேச, ஒருவர் கேட்க என்று முப்பத்தோரு வருஷம் ஓடிற்று.

இந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அணையில் ஷட்டரைத் தூக்கப்போகிறார்கள் என்றால் மூன்று முறை சங்கு ஊதும். அதிலிருந்து சரியாக முக்கால் மணி நேரத்தில் பதினான்காம் வீட்டு முதல் படியில் தண்ணீர் கால் வைக்கும். வேறு இடமாக இருந்தால் அவரவர் சாமானை அவரவர் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே அப்படியில்லை. சங்கு ஊதியதும் நடமாட முடிந்த அத்தனை பேரும் தங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீழே இறங்குவார்கள். முதலில் பதினான்காம் வீடு. அங்கே உள்ள சாமானையெல்லாம் பரணிலும் உத்தரத்துக் கொக்கிகளிலும் ஏற்றிக் கட்டுவார்கள். அது முடிந்ததும் வாசலில் நிற்கிறவர் மேலே பார்த்து, "கடைசி வீடு ஏத்தியாச்சு!" என்று கத்துவார். பிறகு பதின்மூன்று, அப்புறம் பன்னிரண்டு. தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது, ஆகவே வேலையும் கீழிருந்து ஏற வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறார். ஏத்தியாச்சு என்று சொன்ன வீட்டுக்குள் அதன்பின் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு தடவை ஒருவர் மறந்துபோன கடிகாரத்துக்காகத் திரும்பிப் போய், அவரையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டுப்பாடு.

பதினான்காம் வீட்டில்தான் வேலை அதிகம். எத்தனை மெத்தை! ஒரு பொட்டு ஈரம் பட்டால் பஞ்சு பாழ். இருபது கை சேர்ந்து தூக்கும்போது மனைவி நடுவில் நின்று ஆளாளுக்கு உத்தரவு போடுவார். எல்லாச் சாமானும் ஏறிய பிறகும் அடுப்பு மட்டும் தரையில் இருக்கும். அதில் ஒரு பெரிய குண்டான் டீ. பதினாறு கண்ணாடி டம்ளர்கள். வெள்ளம் வந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே நின்றுகொண்டு எல்லோரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அடுப்பைத் தூக்கி மேலே வைப்பது. ஒன்பதாம் வீட்டு பஸ் டிரைவர் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரே ஜோக்கை அடிப்பார். "ஆத்துக்குத் தூக்கம் வருதுடோய்! மெத்தை கேட்டு வருது!" அதற்கு ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள். மெத்தைக்காரரும் ஒரு மூலையில் நின்று சிரிப்பார்.

பிறகு மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. சங்கு ஊதவில்லை. அந்த மூன்றில் முதல் வருஷம் மனைவி போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு நாள் வீடு நிறைய ஆள், ஐந்தாம் நாள் ஒருவரும் இல்லை. பட்டணத்தில் இருக்கிற மகள் கூப்பிட்டாள், பன்னிரண்டு நாள் போய் இருந்தார். நாலாவது மாடி. மருமகன் நல்லவர்தான், குழந்தை முழித்துக்கொள்ளும் என்று எல்லோரும் ரகசியம் பேசுவது போல் பேசினார்கள். இவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டில் இருந்த நான்கு தலையணையையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, உடம்பைப் பாத்துக்குங்க. ஐந்து நிமிஷம்.

தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பதின்மூன்றாம் வீட்டு நர்ஸ் போகிறபோதும் வருகிறபோதும் "என்னண்ணே" என்பார். இவர் "ம்" என்பார். ஒரு "ம்"முக்கு அப்புறம் பேச்சை எப்படி வளர்ப்பது? நர்ஸுக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும். வேன் டிரைவர் மெத்தையை வாசலில் தள்ளிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். வேலை இருந்தது, சாப்பாடு இருந்தது. படியில் உட்கார ஆள் இல்லை. சில நாட்களில், சாயங்காலம் ஊசியைக் கீழே வைக்கும்போது, காலையிலிருந்து தன் குரலையே தான் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும். தொண்டையைச் செருமிப் பார்ப்பார், இருக்கிறதா என்று. இருக்கும். இருந்து என்ன செய்ய?

நாலாம் வருஷம் மழை வெளுத்து வாங்கியது. தெருமுனைக் கடையில் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் கரும்பலகையில் எழுதுவார்கள். தெருவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தது. பத்தாம் வீட்டுக்காரர் போன வெள்ளத்தில் இடிந்த சுவரை இப்போதுதான் கட்டி முடித்திருந்தார். "இன்னும் நாலடிதான் பாக்கி, நாசமாப் போச்சு" என்றார். மெத்தைக்காரரும் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு மனதுக்குள் குளிர்ந்தது. வெள்ளம் வந்தால் எல்லோரும் வருவார்கள். இப்படி நினைப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று அவருக்கும் தெரியும். பத்தாம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார்.

இன்னும் ஓரடி என்று எழுதிய அன்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆயுசில் அவருக்கு வந்த யோசனைகளிலேயே படுமோசமானது அதுதான். வருகிறவர்கள் எல்லோரும் வந்ததும் மெத்தையைத் தூக்கவே நேரம் சரியாகிவிடும். டீயை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு ஓடுவார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தானே ஏற்றி வைத்துவிட்டால்? வேலை ஒன்றும் இருக்காது. சாவகாசமாக உட்கார்ந்து குடிப்பார்கள். கொஞ்சம் பேசிக்கொண்டிருப்பார்கள். மனைவி இல்லாத வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது என்ற பேச்சும் வராது.

இரண்டு நாள் பாடுபட்டார். விடுதி மெத்தைகள் பதினொன்று. ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டி, ஏணியில் முதுகில் சுமந்து பரணில் ஏற்றினார். கடைசியில் இருந்தது இரட்டை மெத்தை. அவரும் மனைவியும் படுத்த மெத்தை. அந்த அம்மாள் பஞ்சு அடைக்க, இவர் தைத்தது. மனைவி போனதிலிருந்து அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாயில்தான் படுக்கிறார். நாலு பேர் தூக்குகிற கனம். கொக்கியில் கயிறு போட்டு, ஒரு முனையை ஒரு சாண் தூக்கி ஜன்னல் கம்பியில் கட்டி, அடுத்த முனையை ஒரு சாண் தூக்கிக் கட்டி, இப்படியே மாற்றி மாற்றி இழுத்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது. முதுகு விட்டுப்போயிற்று. மெத்தை உத்தரத்தை ஒட்டித் தொங்கியது. இரண்டு முனைக் கயிற்றையும் சேர்த்துக் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு வீட்டைப் பெருக்கி, தரையைத் துடைத்தார். வெள்ளம் வரப்போகிறது என்று தரையைத் துடைத்து வைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. மூன்று முறை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துக் குண்டானை ஏற்றினார். பதினாறு டம்ளரையும் அலமாரிப் பலகையில் வரிசையாக வைத்தார். மேலே தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம், காலடிச் சத்தம், "வாங்க வாங்க, சீக்கிரம்" என்கிற குரல்கள் எல்லாம் இறங்கி வந்தன. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

முன்னால் ஓடிவந்தவர் பஸ் டிரைவர். வாசற்படியில் ஒரு காலை வைத்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். தரையைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார்.

"அடேங்கப்பா! எல்லாத்தையும் நீங்களே ஏத்திட்டீங்களா அண்ணே?"

"ஆமா தம்பி. டீ கொதிக்குது. உள்ள..."

"ஆளுன்னா நீங்கதான் ஆளு!" என்றார் டிரைவர். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். மேலே பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்து, "கடைசி வீடு ஏத்தியாச்சு!" என்று கத்தினார். இறங்கி வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று, பதின்மூன்றாம் வீட்டுக்குள் திரும்பியது.

ஒருவரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? ஏத்தியாச்சு என்றால் ஏத்தியாச்சு. சந்தோஷமாகத்தான் போயிருப்பார்கள், கடைசி வீட்டில் பத்து நிமிஷம் மிச்சம் என்று. அவர் கூடத்திலேயே நின்றார். பக்கத்து வீட்டில் கட்டில் இழுக்கிற சத்தம் கேட்டது, "அந்தப் பக்கம் பிடி, அந்தப் பக்கம்" என்று யாரோ கத்துவது கேட்டது, நர்ஸ் எதற்கோ சிரித்தது கேட்டது. டீ பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தார். அவரும் போய்க் கூடச் சேர்ந்து தூக்கலாம், அதுதான் முறையும்கூட. ஆனால் காலை எடுத்து வைக்க வரவில்லை. அழைப்பு வைத்துவிட்டு ஆள் வராத வீட்டுக்காரன், அடுத்த வீட்டு விசேஷத்தில் போய் எப்படி நிற்பான்? அவர் அழைக்கவே இல்லையே என்று நாம் சொல்லலாம். அவருக்குத் தெரிந்த அழைப்பு அவ்வளவுதான்.

பதின்மூன்று ஏத்தியாச்சு என்று குரல் வந்தது. சற்று நேரத்தில் பன்னிரண்டு. குரல்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. டீயை இரண்டு தடவை சூடாக்கிவிட்டார். வாசலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து முதல் படியில் ஏறியது. இனி அடுப்பையும் தூக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே போய்ச் சுவரோரம் உட்கார வேண்டியதுதான். தண்ணீர் வடிந்ததும் திரும்பி வர வேண்டியதுதான். அடுத்த சங்கு எப்போதோ?

தண்ணீர் இரண்டாம் படியில் ஏறியபோது அவர் ஜன்னலிடம் போனார். முடிச்சில் கை வைத்தார். அவரே போட்ட முடிச்சு, பிரிக்க அவருக்கே இரண்டு நிமிஷம் பிடித்தது. கயிறு சரசரவென்று ஓட, இரட்டை மெத்தை நடுக்கூடத்தில் பொத்தென்று விழுந்தது. துடைத்து வைத்த தரையில், வாசலுக்கு நேராக.

வாசலுக்கு வந்தார். தெருவில் நின்று கத்தி அவருக்குப் பழக்கமில்லை. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "வாங்க!" என்று ஒரு குரல் வந்தது. அது தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். ஆற்றின் இரைச்சலில் அது நாலடி தாண்டியிருக்காது. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினார். "யாராவது வாங்க! எனக்கு முடியல! வாங்க!"

பதினொன்றாம் வீட்டு வாசலில் ஒரு மூட்டையோடு நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தார். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னண்ணே, என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

அவர் மெத்தையைக் காட்டினார்.

"கயிறு அறுந்துடுச்சா?" நர்ஸ் கயிற்றின் முனையை எடுத்துப் பார்த்தார். முனை பிசிறில்லாமல் இருந்தது. "அறுந்த மாதிரி இல்லையே. முடிச்சு அவுந்துடுச்சா?"

மெத்தைக்காரர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.

"உங்க முடிச்சா அண்ணே அவுந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் நிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். துடைத்த தரை. தரையில் இன்னும் எரிகிற அடுப்பு. பலகையில் பதினாறு டம்ளர்கள், ஒன்றுகூட எடுக்கப்படாமல். தினமும் நோயாளிகளின் முகத்தைப் பார்க்கிற பெண், அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தத் தெரு அதுவரை கேட்டேயிராத ஒன்றைக் கத்தினார்.

"கடைசி வீடு இன்னும் ஏத்தல! எல்லாரும் வாங்க! அத்தனை பேரும்!"

மேலே டிரைவரின் குரல் கேட்டது. "ஏத்தியாச்சுன்னு நான்தானே சொன்னேன்!"

"தலையை மட்டும் விட்டுப் பாத்தா ஆயிடுமா? உள்ள வந்தியா நீ? வா கீழே!"

வந்தார்கள். நாலு பேர் போதும் என்கிற வேலைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதற்குள் தண்ணீர் உள்ளே இரண்டு விரல் உயரம் வந்து, மெத்தையின் ஒரு மூலையை நனைத்துவிட்டது. திட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் அதைத் தூக்கிக் கட்டினார்கள். முடிச்சை அவர்தான் போட்டார். நர்ஸ் டீயை ஊற்றி நீட்டினார். பாதத்தை நனைக்கிற தண்ணீரில் நின்றுகொண்டு எல்லோரும் குடித்தார்கள். மூன்று தடவை சூடாக்கியதில் டீ கஷாயமாகியிருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"அக்கா இருந்திருந்தா இந்நேரம் எல்லாரையும் திட்டித் தீத்திருப்பாங்க" என்றார் பத்தாம் வீட்டுக்காரர்.

"ஆத்துக்குத் தூக்கம் வருதுடோய்" என்றார் டிரைவர், மெதுவாக. "மெத்தை கேட்டு வருது."

மெத்தைக்காரர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளத்தில் நிற்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? நர்ஸ் கவனித்தார். கவனிக்காதது போல டம்ளர்களைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு தடவை சங்கு ஊதியிருக்கிறது. இரண்டு தடவையும் மெத்தைக்காரர் வேலைக்கு வந்த மெத்தைகளை முன்னாலேயே ஏற்றிவிட்டார். இரட்டை மெத்தையை மட்டும் தரையில் விட்டிருந்தார். நர்ஸ் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்றபடியே "கடைசி வீடு இன்னும் ஏத்தல" என்று கத்தினார்.

இந்த வருஷம் மழை இல்லை. கரும்பலகையில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. அவர் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நனைந்த மூலை மட்டும் கட்டி தட்டிய அந்த மெத்தை நடுக்கூடத்தில் விரித்தபடி கிடக்கிறது. அதைச் சுற்றிப் போய்த்தான் வேலை செய்கிறார், அதற்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்டாள்.

"இடுப்பு வலின்னு சொல்றீங்க, அப்புறமும் ஏம்ப்பா பாயிலயே படுக்குறீங்க? பக்கத்துலயே மெத்தை கெடக்குன்னும் சொல்றீங்களே?"

"அது படுக்க இல்லம்மா" என்றார் அவர். "ஏத்துறதுக்கு வெச்சிருக்கேன்."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரை போட்டீங்களா என்று அடுத்ததைக் கேட்டாள்.